சைகையின் வலுவும் அண்மையும்

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' உலகறிந்த செய்தியாகும். 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் அவ்வொலியைக் கேட்கும் பொருட்டு இரவில் வாவியிற் படகேறிச் சென்றார். படகு இடம் மாற ஒலியும் மாறிற்று; ஓரிடத்தில் அறவே கேளாது போயிற்று; முன்னிருந்த இடத்துக்கு மீண்டதும் மறுபடியும் கேட்டது. இதனை அவர் தம் நூலிற் குறித்துள்ளார். துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு, மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பது நம்மவர் வழக்கம். ஒலி உண்டா என்பது ஒரு வினா. எவ்வளவு வலிது என்பது இரண்டாம் வினா. எங்கிருந்து, எதனால் எழுகின்றது என்பது மூன்றாம் வினா. முதலிரு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரும் மூன்றாவது வினா விடைபெறாது நிற்றல் கூடும். வானொலி அலையை உணரும் கலையின் வரலாறும் இம்மூன்று வினாக்களின் வரலாறே.

முதல் வினாவுக்கு விடை தந்த கருவி மிக எளியது. கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூள், அருகில் மின்பொறி எழுந்தவுடன் மின்னை எளிதிற் கடத்துவதை 1890இல் பிரான்சு நாட்டு எடுவாட் பிரான்லி கண்டார். உருசிய நாட்டு அலெக்சாந்தர் பொப்போவ் அத்தகைய குழாயை ஒரு மின்மணியோடு இணைத்து, இடியும் மின்னலும் நெருங்குவதை அறிவிக்கும் கருவியொன்றை 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிஞர் அவையிற் காட்டினார். அதே ஆண்டிற் கல்கத்தாவில் சகதீச சந்திர போசர், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். இக்கருவிகள் எந்த மீடிறன் என்று ஆராய்வதில்லை; வந்த அலை போதிய வலுவுடையதாயின் மணி ஒலிக்கும், அவ்வளவே. இன்றைய கருவிகளின் 'அண்மைச் சைகை உணர்வு' இம்மணியின் வழித்தோன்றல் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் வினா அளவைப் பற்றியது. வானொலி அன்பர்கள் தாம் கேட்ட சைகையின் தெளிவு, வலு, தொனி ஆகியவற்றை எண்களாற் குறிக்கும் முறை 1934இல் அமெரிக்காவில் உருவாயிற்று. வலுவை 1 முதல் 9 வரை வகுத்தனர். பின்னர் வாங்கிகளில் முள் அசையும் மானி பொருத்தப்பட்டது. அது 'எஸ்' மானி எனப்பட்டது. ஒன்பதாம் படியென்றால் என்ன என்பதில் ஒருமைப்பாடு இல்லாதிருந்தமையால், 1981இல் அனைத்துலக வானொலி அன்பர் ஒன்றியத்தின் ஐரோப்பியப் பிரிவு ஓர் அளவைப் பரிந்துரைத்தது. அதன்படி, சிற்றலை வாங்கியின் வாயிலில் 50 மைக்கிரோவோல்ற்று அழுத்தமே ஒன்பதாம் படி. படிக்குப் படி வேற்றுமை 6 தெசிபெல். இந்த ஆறு என்னும் எண் பொருள் பொதிந்தது. தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்காயின் சைகையின் வலு நாலிலொன்றாகும். அது 6 தெசிபெல் வீழ்ச்சி. எனவே தூரம் இரட்டிக்குந்தோறும் முள் ஒரு படி இறங்கும்.

இனி ஸ்கானர் என வழங்கும் அலைதேடும் வானொலியைக் காண்போம். பல மீடிறன்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தட்டிப் பார்த்து, சைகையுள்ள இடத்தில் நின்றுவிடுவது இதன் தொழில். 1970களுக்கு முன் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு படிகத் துண்டு பொருத்த வேண்டியிருந்தது. பின்னர் மீடிறனை எண்களாகவே பதிக்கும் வசதி வந்தது. திரையிலே தோன்றும் சிறு கோடுகள் பழைய முள்ளின் இடத்தைப் பெற்றன. ஆனால் பெரும்பாலான ஸ்கானர்களில் அக்கோடுகள் மேற்கூறிய பொது அளவுக்கு அமைந்தவையல்ல. ஆதலால் ஒரு கருவியின் மூன்று கோட்டை மற்றொன்றின் மூன்று கோட்டோடு ஒப்பிடுதல் தகாது. ஒரே கருவியில் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கே அவை பயன்படும்.

அண்மைச் சைகையை உணரும் வசதி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கானர்களிற் பரவியது. யுனிடன் நிறுவனம் தன் கருவிகளில் இதற்குக் 'குளோஸ் கோல்' எனப் பெயரிட்டது. சாதாரணத் தேடலில் கருவி ஒவ்வொரு மீடிறனாக வினவிச் செல்லும். இதிலோ, உணர்கொம்பில் வந்து வீழும் அலைகளுள் ஏனையவற்றை விஞ்சி நிற்பது எதுவோ, அதன் மீடிறனை நேரே எண்ணிக் காட்டும். முன்னறியாத மீடிறனும் சில கணங்களில் வெளிப்பட்டுவிடும்.

எனினும் 'அண்மை' என்னும் சொல் நம்மை மயக்குதல் கூடாது. கருவி அளப்பது வலுவையே. அண்மை என்பது நாம் செய்துகொள்ளும் அனுமானம். 5 வாற்றுச் செலுத்தி 100 மீற்றர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 50,000 வாற்று நிலையம் அதனினும் பதினாயிரம் மடங்கு வலியது. ஆகவே நூறு மடங்கு தொலைவில், அதாவது 10 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தும் அதே அளவைக் காட்டும். நம் நிலத்தின் இயல்பும் இதிற் பங்குகொள்ளும். வெல்லாவெளி முதலான படுவான்கரை ஊர்களில் வயல்வெளி சமதளமாக விரிந்து கிடக்கின்றது. எழுவான்கரைக்கும் அதற்கும் இடையே வாவி நீர் பரந்துள்ளது. நேரே வரும் அலையும் நீர்ப்பரப்பில் தெறித்து வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும்; மற்றோரிடத்தில் நலிவுறுத்தும். செலுத்தி நின்ற இடத்தில் நிற்க, நாம் சில அடி நகர்ந்த அளவிலேயே கோடுகள் ஏறி இறங்குதல் உண்டு.

மூன்றாம் வினாவின் கனத்தை நம் கரையோர வரலாறே உணர்த்துகின்றது. 1942 ஏப்பிரில் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா விமானத்தின் தலைவர் லெனாட் பேச்சல் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை வானொலியில் அனுப்பினார். ஆயினும் மறுநாட் காலையிற் பகை விமானங்கள் கொழும்பை அடைந்தபோது இரத்மலானையின் போர் விமானங்கள் நிலத்திலேயே இருந்தன. ஏப்பிரில் 9ஆம் நாள் திருகோணமலையில் நிகழ்ந்தது வேறு. அங்கிருந்த றேடார் நிலையம் வரும் விமானங்களைச் சுமார் 90 மைல் தொலைவிலேயே உணர்ந்தமையால் போர் விமானங்கள் முன்கூட்டி மேலெழ முடிந்தது.

அதே நாட் காலையில், முந்திய மாலை திருகோணமலையை விட்டு நீங்கியிருந்த 'ஹேர்மீஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் இருந்தது. அதில் அன்று விமானம் ஒன்றும் இல்லை. ஒன்பது மணியளவில் யப்பானிய வேவு விமானம் அதனைக் கண்டு தன் படைக்கு வானொலியில் அறிவித்தது. அவ்வறிவிப்பைப் பிரித்தானியரும் இடைமறித்துக் கேட்டனர். கப்பல் விரைந்து திருகோணமலைக்குத் திரும்புமாறு கட்டளை பிறந்தது. போர் விமானங்களை அனுப்பவும் முயன்றனர். அவை வந்து சேருமுன்னரே ஹேர்மீஸ் மூழ்கிற்று. அதனோடு 307 பேர் மாண்டனர். துணைக் கப்பலான 'வம்பயர்' என்பதும் உடன் மூழ்கிற்று. சைகை கேட்கப்படவில்லை என்று இங்கே சொல்ல இயலாது. அது கேட்கப்பட்டது, அதன் பொருளும் விளங்கிற்று. கேட்டதற்கும் காப்பதற்கும் இடையே வேண்டிய காலமும் கருவியுமே இல்லாது போயின.

2004 திசெம்பர் 26ஆம் நாளை நம்மவர் எவரும் மறவார். காலை ஏழு மணியளவில் சுமாத்திராக் கடலில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை உலகின் பல நிலையங்கள் பதிவு செய்தன. கால் மணி நேர அளவில் ஹவாய்த் தீவிலிருந்து முதல் அறிக்கையும் வெளிவந்தது. அவ்வறிக்கை பசுபிக் சமுத்திர நாடுகளை நோக்கியது. நம் கிழக்குக் கரையை அலை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோர ஊர்களுக்குச் சொல்வார் இல்லை. பூமி தந்த சைகை வலிது. அதனை உணர்ந்த கருவிகளும் பல. செய்தி சென்று சேரும் வழியே அறுந்திருந்தது. அழிவின் பின்னர் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தித் தந்தோருள் இந்நாட்டு வானொலி அன்பர்களும் இருந்தனர் என்பது நினைத்தற்குரியது.

ஆதலால் இக்கருவிகளைப் பயிலும் மாணவர் மூன்றினை மனங்கொள்ள வேண்டும். வலு வேறு, அண்மை வேறு என்பது ஒன்று. ஓரிடத்து அளவை மட்டும் நம்பாது, பல இடங்களில் நின்று அளந்து ஒப்பிட்டே திசையும் தொலைவும் துணிதல் வேண்டும் என்பது மற்றொன்று. இந்நாட்டில் வானொலிக் கருவிகள் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு உட்பட்டவை; உரிய அனுமதியோடே அவற்றைக் கையாளுதல் வேண்டும். பிறர் உரையாடல் செவியில் வீழ்ந்தாலும் அதனைத் தூற்றாமை பண்புடையோர் கடன். இது மூன்றாவது.

திரையில் ஒரு கோடு மிகுந்து தோன்றினால், எங்கோ ஒரு செலுத்தி பேசுகின்றது என்பது மட்டுமே உறுதி. யார் பேசுகின்றார், யாருக்காகப் பேசுகின்றார், அச்செய்தி எவரைச் சென்றடைய வேண்டும் என்பவற்றைக் கருவி சொல்லாது. அவ்வினாக்களுக்கு விடை காணும் பொறுப்பு மனிதருக்கே உரியது. கடலை நம்பி வாழும் நம் கரையோர மக்களின் உயிர் அப்பொறுப்பிலே தங்கியுள்ளது.