ஆர்ல் நகரத்து இரு அரங்குகள்

ஒரு கட்டடம் காலத்தை வென்று நிற்பதற்குக் கல்லின் உறுதி ஒன்றே காரணமாகாது. அதனை எழுப்பியோர் மறைந்த பின்னர், அவர்க்குப் பின்வந்தோர்க்கு அது எவ்வாறு பயன்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் நகரங்களுள் ஒன்று, தென் பிரான்சிலே உரோன் நதிக்கரையில் அமைந்துள்ள ஆர்ல் ஆகும்.

கி.மு. 49இல் யூலியசு சீசர் மார்சேய் நகரத்தை முற்றுகையிட்டபொழுது, அவருக்கு வேண்டிய பன்னிரண்டு போர்க்கப்பல்கள் ஆர்லிற் கட்டப்பட்டன. மார்சேய் வீழ்ந்தது, ஆர்ல் உயர்ந்தது. கி.மு. 46இல், ஆறாம் படையணியிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற வீரர்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். நதி வாணிகத்தாற் செல்வம் பெருகிய அந்நகரில், கி.பி. 314இல் பேரரசர் கொன்சுதந்தீனின் ஆணைப்படி கிறித்தவ ஆயர்களின் பேரவையொன்றும் கூடிற்று.

உரோமர் அங்கு அமைத்தவற்றுள் இரு அரங்குகள் தலைசிறந்தவை. கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது நாடக அரங்கு. ஏறக்குறைய 10,000 பேர் அதிலிருந்து நாடகங்களைக் கண்டனர். கி.பி. 90ஆம் ஆண்டளவில் எழுந்தது வட்டரங்கு. 136 மீற்றர் நீளமும் இரண்டு அடுக்கு வளைவுகளும் உடைய அவ்வரங்கில் 20,000 பேர் வரை கூடிப் போர் விளையாட்டுக்களைக் கண்டனர். இவை ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. கட்டிய கைகளும் உரோமர் கைகளே. ஆயினும் இவற்றின் ஊழ் வேறு வேறாயிற்று.

உரோமப் பேரரசு தளர்ந்தபின் நாடக அரங்கைப் பேணுவார் இலராயினர். ஐந்தாம் நூற்றாண்டு முதல் அதன் கற்கள் கோயில்களும் வீடுகளும் கட்டுதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. மேடையின் பின்னணியை அணிசெய்த தூண்களுள் இரண்டே இன்று முழுமையாக நிற்கின்றன. அவற்றை அவ்வூரார் 'இரு விதவைகள்' என அழைப்பர். 1651இல் அவ்விடத்தே கண்டெடுக்கப்பட்ட வீனசு சிலையும் பதினான்காம் லூயி மன்னருக்குக் காணிக்கையாயிற்று. அது இப்பொழுது பாரிசிலுள்ள லூவர் நூதனசாலையில் உள்ளது.

வட்டரங்கோ அரணாக மாறிற்று. பகைவர்க்கு அஞ்சிய மக்கள் அதனுட் குடிபுகுந்தனர். வளைவுகள் அடைக்கப்பட்டன, மேலே காவற் கோபுரங்கள் எழுந்தன, உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளும் இரு சிறு கோயில்களும் அமைந்தன. அரங்கு ஊராயிற்று, அதன் புறச்சுவரே ஊரின் மதிலாயிற்று. தம்மைக் காக்கும் மதிலை இடித்துக் கல்லெடுப்பார் எவரோ? குடியிருந்தோர் தம் உயிரைக் காத்துக்கொண்ட பொழுதே, தாம் அறியாமல் அரங்கையும் காத்தனர் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உரோமத் தொன்மை மீது எழுந்த ஆர்வத்தால் அவ்வீடுகள் அகற்றப்பட்டன. 1830இல் அவ்வரங்கில் மீண்டும் காளை விளையாட்டு நடைபெற்றது. நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த அழகு வெளிப்பட்டது உண்மையே. எனினும் அவ்வழகை வெளிப்படுத்துதற்காக இடைக்கால ஊரொன்று முழுவதும் மறைந்தது. எஞ்சிய கோபுரங்கள் மூன்றே அவ்வூர்க்குச் சான்றாக நிற்கின்றன. ஒரு காலத்தைப் போற்றுதற்காக மற்றொரு காலத்தை அழித்தல் தகுமா என்னும் வினா, தொல்பொருளைப் பேணும் எந்நாட்டார்க்கும் உரியதாகும்.

நகரின் ஏனைய காட்சிகளும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. தேரோட்ட அரங்கில் வீழ்ந்து கிடந்த உரோமர் காலத் தனிக்கற்றூண், 1676இல் நகரின் நடுச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. ஆலிசுகாம் என்னும் பழைய ஈமநிலத்திலோ, கற்பேழைகள் பல, பெருமக்களுக்குப் பரிசாக வழங்கப்பட்டு மறைந்தன. எஞ்சியவை வரிசையாகக் கிடக்கும் அம்மரநிழற் பாதையினையே ஓவியர் வான் கோ 1888இல் தீட்டினார்.

1981இல் ஆர்லின் உரோமச் சின்னங்களும் இடைக்காலக் கோயிற் சின்னங்களும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஒருங்கே இடம்பெற்றன. உரோமர் காலத்தோடு இடைக்காலமும் அங்கே மதிக்கப்பட்டமை பாராட்டுதற்குரியது. பழமையைக் காத்தல் என்பது ஒரு காலத்தைத் தெரிந்தெடுத்துப் பிறவற்றைத் துடைத்தெறிதலன்று. அடுத்தடுத்து வாழ்ந்தோர் விட்டுச்சென்ற சுவடுகள் அனைத்தையும் மதித்தலேயாம். இதனை ஆர்ல் நகரத்துக் கற்கள் உணர்த்துகின்றன.