ஒரு பவுண்டு விறகில் எவ்வளவு வெப்பம்?

விறகுக் கடையில் விறகு வாங்கியிருக்கிறீர்களா? தராசின் ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்து, மறு தட்டில் கட்டைகளை அடுக்கிக் கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் ஈரக் கட்டையை ஒதுக்கிவிட்டு, உலர்ந்ததாகப் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததாகிவிடும்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வழக்கம் வேறு. அங்கே விறகை நிறுப்பதில்லை, அடுக்கி அளப்பார்கள். எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம், ஆக 128 கன அடி கொண்ட அடுக்குக்கு ஒரு 'கார்டு' என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் கயிறு என்று பொருள். விறகைக் கயிற்றால் அளந்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது.

நிறுத்து வாங்குகிறவரை ஈரம் ஏமாற்றும். அளந்து வாங்குகிறவரை எது ஏமாற்றும்? இந்தக் கேள்விக்கு விடை காண ஒருவர் பெரும் பாடுபட்டார். அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

காடு விலகிப் போயிற்று

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறியவர்கள் நியூ இங்கிலாந்துப் பகுதியில் காட்டை அழித்து வீடு கட்டினார்கள். அங்கே குளிர்காலத்தில் ஆறுகளே உறைந்துவிடும். வீட்டுக்குள் உயிர் பிழைத்திருக்க, சுவரில் அமைந்த பெரிய திறந்த கணப்பில் இரவும் பகலும் தீ எரிய வேண்டும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 30 முதல் 40 கார்டு வரை எரித்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நாற்பது கார்டை வரிசையாக அடுக்கினால், நான்கடி உயரமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு மதில் 320 அடி நீளத்துக்குப் போகும்!

இவ்வளவு எரித்தும் வீடு சூடாகவில்லை. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது. அத்துடன் அறையிலுள்ள வெதுவெதுப்பான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று நுழைகிறது. தீயின் முன் அமர்ந்தவருக்கு முகம் வேகும்; முதுகு விறைக்கும்.

பாஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்கள் வளர வளர, அவற்றைச் சுற்றியிருந்த மரங்கள் தீர்ந்தன. தொலைவிலிருந்து படகில் விறகு வந்தது. ஆறு உறைந்தால் படகு வராது. விறகின் விலை ஏறும். கோடையிலேயே விறகு வாங்கிச் சேர்த்து வைக்கப் பணமும் இடமும் உள்ளவருக்குக் கவலை இல்லை. அன்றாடம் வாங்கி எரிக்கும் ஏழையின் நிலை என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுப்பைத் திருத்தியவர்கள்

முதலில் அடுப்பின் மீதுதான் அறிஞர்களின் கண் சென்றது. பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்புத் தகடுகளாலான ஒரு கணப்பை வடிவமைத்து, அதை விளக்கி 1744இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூறு ஆண்டுக்கு முன் வீட்டு வாசலில் கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று அதில் அவர் கவலைப்பட்டார். அந்தக் கணப்புக்குக் காப்புரிமை தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

மாசசூசெட்ஸில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற ரம்போர்டு பிரபு, கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்தார். புகை செல்லும் வாயைக் குறுக்கினார். இதனால் வெப்பம் அறையை நோக்கித் திரும்பியது. இதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1796இல் வெளிவந்தது.

அடுப்பு திருந்தியது, சரி. அதில் போடும் விறகு? ஹிக்கரி நல்லது, ஓக் நல்லது, பைன் மட்டம் என்று ஊரார் சொல்வார்கள். எவ்வளவு நல்லது, எவ்வளவு மட்டம் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

அறைக்குள் ஓர் அறை

பிலடெல்பியாவில் மார்க்கஸ் புல் என்பவர் இதை அளந்து பார்த்துவிடுவது என்று முனைந்தார். ஓர் அறைக்குள் இன்னோர் அறையைக் கட்டினார். உள்ளறையில் ஓர் அடுப்பு. புகையோடு வெப்பமும் வெளியேறிவிடாதபடி நீண்ட உலோகக் குழாய் ஒன்றை அடுப்புடன் இணைத்தார். குழாயின் முடிவை அடைவதற்குள் புகை தன் வெப்பத்தை அறையிலேயே விட்டுவிடும்.

உள்ளறை எப்போதும் வெளியறையைவிட 10 டிகிரி பாரன்ஹீட் கூடுதலாகச் சூடாயிருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். இரண்டு அறைகளுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மாறாமலிருந்தால், உள்ளிருந்து சுவர் வழியே கசியும் வெப்பமும் மணிக்கு மணி மாறாது. ஆகவே ஒரு பவுண்டு விறகு அந்த வேறுபாட்டை எத்தனை மணி நேரம் காக்கிறதோ, அந்த நேரமே அதன் வெப்பத்துக்கு அளவு. கடிகாரமே வெப்பத்தை அளக்கும் கருவியாகிவிட்டது!

ஒவ்வொரு மரத்தையும் நன்றாக உலர்த்தி, நிறுத்து, எரித்தார். முடிவுகளை 1826இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் முன் வைத்தார். பிராங்க்ளின் முயற்சியால் 1743இல் தோன்றிய கழகம் அது.

ஒரு பவுண்டு ஹிக்கரி 6 மணி 40 நிமிடம் தாங்கியது. மட்டம் என்று பெயரெடுத்த வெள்ளைப் பைன்? அதுவும் 6 மணி 40 நிமிடம்! வெள்ளை ஓக் 6 மணி 20 நிமிடம். எடைக்கு எடை பார்த்தால், மரங்களிடையே வேறுபாடு மிகச் சிறிது.

ஆனால் மக்கள் வாங்கியது எடைக்கு அல்லவே! ஒரு கார்டு உலர்ந்த ஷெல்பார்க் ஹிக்கரியின் எடை 4,469 பவுண்டு. வெள்ளைப் பைன் 1,868 பவுண்டுதான். எனவே ஒரு கார்டு ஹிக்கரியின் மதிப்பை 100 என்று வைத்து, மற்ற மரங்களை அவர் வரிசைப்படுத்தினார். வெள்ளை ஓக் 81, வெள்ளை ஆஷ் 77, சிவப்பு ஓக் 69, செஸ்ட்நட் 52, வெள்ளைப் பைன் 42. ஹிக்கரி பத்து டாலர் விற்கும்போது, பைனுக்கு நாலு டாலர் இருபது செண்டுக்கு மேல் கொடுப்பவர் ஏமாறுகிறார் என்பது இந்தப் பட்டியலிலிருந்து உடனே விளங்கும்.

அளந்து வாங்குகிறவரை ஏமாற்றுவது எது என்று இப்போது தெரிகிறதல்லவா? மரத்துக்குள் இருக்கும் வெற்றிடம்தான்.

ஏன் இப்படி?

எந்த மரமானாலும் அது பெரும்பாலும் செல்லுலோஸ், லிக்னின் முதலிய பொருள்களால் ஆனது. செல் சுவர்களின் அடர்த்தி எல்லா மரங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. தண்ணீரைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. பைன் லேசாக இருப்பதற்குக் காரணம், அதன் செல்களுக்குள் காலியிடம் மிகுதி என்பதே. முற்றிலும் உலர்ந்த ஒரு கிலோ மரம் எரிந்தால் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். பிசின் உள்ள மரங்களில் இது சற்றுக் கூடுதல்.

புல் தம் மரங்களை உலர்த்திய பிறகே எரித்தார் என்பதை மறக்க வேண்டாம். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கிலோவில் எரியும் பொருள் அரைக் கிலோதான். அதன் வெப்பம் 2,250 கிலோ கலோரி. மீதி அரைக் கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 320 கிலோ கலோரி செலவாகும். ஏழில் ஒரு பங்கு போயிற்று.

நட்டம் இதோடு நிற்பதில்லை. மரம் சூடாகும்போது அதன் பெரும் பகுதி வாயுக்களாக வெளிவருகிறது. அவை முழுதும் எரியச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். ஈரம் தீயைக் குளிரச் செய்வதால், வாயுக்கள் எரியாமல் புகையாகப் போகின்றன. அப்புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்புறத்தில் தார்போலப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவே தீப்பற்றினால் வீடே எரிந்துவிடும்.

ஆகவே வடநாட்டார் குளிர்காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே மரத்தை வெட்டிப் பிளந்து வைக்கிறார்கள். பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பிளந்தால் விரைவில் உலரும். அடுக்கின் மேற்புறத்தை மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுவார்கள். ஓக் உலர இரண்டு ஆண்டுகூட ஆகலாம். இரண்டு கட்டைகளைத் தட்டினால், உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும்.

மீண்டும் விறகு

1885 வாக்கில் அமெரிக்காவில் நிலக்கரி விறகை முந்தியது. பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, நியூ இங்கிலாந்தில் பல குடும்பங்கள் விறகடுப்புக்குத் திரும்பின. பழைய பாடத்தை மறந்தவர்கள் ஈர விறகை எரித்தார்கள். புகையும் புகைபோக்கித் தீயும் பெருகின. 1988இல் விறகடுப்புப் புகைக்கு அமெரிக்க அரசு வரம்பு விதித்தது. விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலையும் இதயத்தையும் தாக்குவதை இன்று அறிவோம்.

இங்கிலாந்தில் 2021 முதல், சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். என்ன மரம் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. எவ்வளவு தண்ணீர் என்றுதான் கேட்கிறது. ஈரக் கட்டையை ஒதுக்கித் தள்ளும் நம் ஊர்த் தாய்மாருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!