குளிர்காலத்தில் நிறுத்தி வைத்த காரும் ஓர் இனிப்பான விஷமும்

1/ பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர். ஜவ்வாது மலையில வீடு, ஷெட்டுல பழைய அம்பாசடர். "மார்கழி, தை ரெண்டு மாசம் வண்டிய எடுக்க மாட்டேன் சார். கூலன்ட்டை வடிச்சு ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிட்டேன்"னார். அந்த பாட்டிலுக்காகத்தான் இந்த த்ரெட்.

2/ வடிச்சு வைக்கிற பழக்கம் குளிர் நாடுகள்ல இருந்து வந்தது. ஆரம்பகால கார்களின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9% விரியும். இரும்பு இன்ஜினே பிளந்துவிடும். அதனால் பலர் பனிக்காலம் முழுக்க தண்ணீரை வடித்து, காரை ஷெட்டில் போட்டு வைத்தார்கள்.

3/ அப்புறம் தண்ணீரில் ஆல்கஹால் கலந்து பார்த்தார்கள். இன்ஜின் சூட்டில் அது ஆவியாகிப் போனது.

4/ 1850களில் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் உருவாக்கிய எத்திலீன் கிளைக்கால் இங்கேதான் கைகொடுத்தது. 1927-இல் அமெரிக்காவில் 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. காரின் பிரச்சினை தீர்ந்தது.

5/ மனுஷனுக்குப் பிரச்சினை ஆரம்பிச்சது. ஏன்னா இது இனிக்கும். குடித்தால் முதலில் போதை மாதிரி தள்ளாட்டம், வாந்தி. கல்லீரல் இதை அமிலங்களாக மாற்றும். அதில் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

6/ அமெரிக்காவில் சில மாநிலங்கள், இதில் கசப்புப் பொருள் சேர்க்கணும்னு சட்டமே போட்டன. கசந்தாலும் விஷம் விஷம்தான்.

7/ சரி, நம்ம மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில குளிரும், பனிமூட்டமும் உண்டு. இன்ஜினைப் பிளக்கிற உறைபனி இல்லை. அதனால வடிக்கவே வேண்டாம். கூலன்ட் உள்ளே இருந்தால் துருவும் குறையும். பேட்டரி ஒயரை மட்டும் கழட்டி வைங்க, போதும்.

8/ பழைய கூலன்ட்டை மாத்தணும்னா ஒர்க்‌ஷாப்பிலேயே மாத்துங்க. தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில் எதிலும் ஊத்தாதீங்க. குழந்தைக்கு அது கலர் ஜூஸ்.

9/ யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. அந்த பாட்டிலையும் கையோட கொண்டு வாங்க. மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. ஆனா நேரம்தான் முக்கியம். மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கவே நேரமாகும்.

10/ பெரியவர் போன் பண்ணினார். பேரப்பிள்ளைங்க பொங்கல் லீவுக்கு வர்றதுக்குள்ள பாட்டிலை ஒர்க்‌ஷாப்ல கொடுத்துட்டாராம். உங்க வீட்டு ஷெட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.