சாலையைத் தோண்டும் குத்தகையாளரின் வைப்புத்தொகை: புகாரை எங்கே, எப்போது தருவது?

குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ புதைக்கப் பொதுச் சாலையைத் தோண்டும் குத்தகையாளர், அச்சாலைக்குப் பொறுப்பான தரப்பிடம் முதலில் பெர்மிட் எடுத்து வைப்புத்தொகை (வாங் சாகாரான்) கட்ட வேண்டும். சாலையைப் பழையபடி செப்பனிட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். இல்லையேல் அந்தப் பணத்தைக் கொண்டே பள்ளம் மூடப்படும்.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொதுச் சாலைப் பராமரிப்பை ஊராட்சி மன்றத்தின் கடமையாக்குகிறது. ஆனால் கையிலுள்ள நிதி இடம் தரும் அளவுக்கு மட்டுமே. ஆகவே வைப்புத்தொகை கைமாறும் முன்பே புகார் போய்ச் சேர வேண்டும். புதுத் தார் முதல் வாரத்தில் அழகாகத்தான் இருக்கும். அடிமண்ணைச் சரியாக இறுக்காத இடம், நாலு மழை பெய்து செம்பனை லோரிகள் ஓடிய பிறகுதான் அமுங்கும். அப்போது மறுபடியும் பாருங்கள்.

கோல சிலாங்கூர் வட்டாரத் தாமான் சாலை என்றால் நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்யலாம். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் செல்லும் 5ஆம் எண் கூட்டரசு சாலையும், 'பி' எண் கொண்ட மாநிலச் சாலைகளும் பொதுப்பணித் துறையான ஜேகேஆரைச் சேர்ந்தவை.

தோட்டத்து மக்களுக்குத்தான் சிக்கல். தோட்டத்தின் உள்சாலை பொதுவாகத் தனியார் நிலம். நகராண்மைக் கழகம் அதற்கு வைப்புத்தொகை எதையும் பிடித்து வைத்திருக்காது. லயத்து முன் தோண்டத் தொடங்கும்போதே, யார் மூடித் தருவது என்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது நல்லது.

எந்தச் சாலையானாலும், வேலையிடத்து அறிவிப்புப் பலகையையும் பள்ளத்தையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வேலை முடிந்த மறுநாளே பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.