மெய்ன் சிங்கி இறால் கூண்டுக் கட்டுப்பாடு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வரையறுக்கும் சட்ட ஏற்பாடு. இங்கே ஒவ்வொரு துறைமுகத்து மீனவரும் ஒரு கடற்பரப்பைத் தமதென்று வழக்கமாக உரிமை கொண்டாடுவர். சட்டத்தில் அதற்கு இடமில்லை. அத்துமீறுபவரின் கூண்டைக் குறிக்கும் மிதவையில் முதலில் எச்சரிக்கை முடிச்சு விழும், பிறகு கயிறே அறுபடும். அறுப்பது குற்றம், உரிமம் பறிபோகலாம். ஆனால் கடலில் சாட்சிக்கு எங்கே போவது?

இந்த வழக்கம் ஒருபுறமிருக்க, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி சிங்கி இறால் பிடிப்புக்கு ஏழு மண்டலங்கள் அமைந்தன. வாக்களிக்கும் மீனவரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால் மண்டலம் தன் கூண்டு வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். மாநில உச்சவரம்பு ஒருவருக்கு 800. கூண்டுதோறும் அடையாள வில்லை, சிறு இறால் தப்பும் வழி, கூண்டு தொலைந்தால் மக்கித் திறந்துகொள்ளும் பகுதி ஆகியவை கட்டாயம். வரம்பு வந்ததும், குறைவாகக் கூண்டு வைத்திருந்த பலர் 800ஐ எட்டும்வரை கூட்டிக்கொண்டனர்.