பரப்பில் நின்று வேலை செய்யும் மருந்து: கடற்பாசிச் சேர்மங்களின் மருத்துவப் பயன் குறித்து

வீக்கம் அடக்கும் மருந்துகளைச் சோதித்துப் பார்க்க மருந்தியல் ஆய்வகங்களில் ஒரு பழைய முறை உண்டு. எலியின் பின்னங்கால் பாதத்தில் 1 விழுக்காட்டுக் கராஜீனன் கரைசலை ஊசியால் ஏற்றுவார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் பாதம் உப்பிவிடும். சோதனைப் பொருளை முன்னதாகவே கொடுத்திருந்தால் அந்த வீக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். வின்டர், ரிஸ்லி, நஸ் ஆகிய மூவர் 1962-இல் வெளியிட்ட முறை இது. கடற்பாசிச் சாறு வீக்கத்தை அடக்கும் என்று நிறுவ முயலும் நம்மூர் ஆய்வேடுகள் பலவும் இதையே கையாளுகின்றன. வீக்கத்தை உண்டாக்கிய கராஜீனனும் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்ததுதானே என்ற கேள்வி அவற்றில் எழுவது அரிது.

அதே கராஜீனன் சாக்லேட் பாலில் கோக்கோத் துகள் அடியில் தங்கிவிடாமல் பிடித்து வைக்கிறது. ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் சளிக்கான மூக்குத் தெளிப்பானாகவும் விற்கிறது. ஒரே பொருள் தோலுக்கு அடியில் புகுந்தால் அழற்சி, வயிற்றுக்குள் போனால் உணவுச் சேர்மானம், மூக்கின் சளிப்படலத்தில் படிந்தால் வைரஸ் தடுப்பு. ஆகவே "கடற்பாசியில் மருந்து இருக்கிறதா?" என்று கேட்பது ஆய்வை எங்கும் கொண்டுசேர்க்காது. எந்த மூலக்கூறு, உடலில் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் தங்கி வேலை செய்யும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுப் பார்த்தால், கடற்பாசியிலிருந்து வந்து இதுவரை ஓரளவேனும் தேறியவை பெரும்பாலும் உடலின் பரப்புகளில், அதாவது சளிப்படலத்திலும் புண்ணிலும் இரைப்பையின் மேல்மட்டத்திலும் குடலின் உட்குழியிலும், வேலை செய்தவை என்பது புலப்படும். இரத்தத்தில் கலந்து உள்ளுறுப்பைச் சென்றடைய வேண்டியவை ஒன்று தோற்றன, அல்லது அடையாளமே மாறி வந்து சேர்ந்தன. இதுவே என் வாதம்.

கராஜீனன் என்பது காலக்டோஸ் சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் சல்பேட் தொகுதிகள் தொங்கும். இரண்டு சர்க்கரைக்கு ஒரு சல்பேட் இருந்தால் கப்பா, இரண்டு இருந்தால் அயோட்டா, மூன்று இருந்தால் லாம்டா. சல்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. மனித உயிரணுவின் வெளிப்புறத்திலும் ஹெப்பரான் சல்பேட் என்ற இதே சாயல் கொண்ட சங்கிலி உண்டு. பல வைரஸ்கள் தம் நேர்மின்னூட்டப் பகுதியால் முதலில் பற்றிக்கொள்வது அதைத்தான். வெளியே கராஜீனன் நிறைய மிதந்தால் வைரஸ் ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும், உயிரணுவை நெருங்காது. இந்த விளக்கம் பின்னால் வந்தது; கண்டறிதல் பழையது. ஜெலிடியம் என்ற சிவப்புப் பாசியின் பல்சர்க்கரை, கோழிக்கருவை இன்ஃபுளுயன்சா பி, பொன்னுக்குவீங்கி வைரஸ்களிலிருந்து காக்கிறது என்று ஜெர்பர் குழுவினர் 1958-இலேயே எழுதிவிட்டார்கள்.

எய்ட்ஸ் பரவிய காலத்தில் இந்தக் கண்டறிதலுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஆணுறை அணியும்படி துணைவரை வற்புறுத்த முடியாத பெண்கள் தாமே பூசிக்கொள்ளக்கூடிய பசை ஒன்று இருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பும் என்ற எண்ணம் நியாயமானது. பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பு உருவாக்கிய 'கராகார்டு' அப்படிப்பட்ட கராஜீனன் பசை. தென்னாப்பிரிக்காவின் குகுலேத்து, இசிப்பிங்கோ, சோஷங்குவே ஆகிய மூன்று இடங்களில் 6,202 பெண்களைக் கொண்டு 2004 முதல் 2007 வரை மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. முடிவு 2008-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பசை பூசியவர்களில் 100 பெண்-ஆண்டுக்கு 3.3 பேருக்கும், வெறும் பசை பெற்றவர்களில் 3.8 பேருக்கும் எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. ஆனால் பசையால் தீங்கும் இல்லை.

ஏன் தோற்றது? பெண்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது எளிதில் வரும் பதில். அதில் உண்மையும் உண்டு: நிகழ்ந்த உடலுறவுகளில் சராசரியாக 42 விழுக்காட்டில்தான் பசை பயன்பட்டிருக்கிறது. ஆனால் பழியைப் பெண்கள் மேல் இறக்கிவைத்துவிட்டு ஆய்வகம் கைகழுவ முடியாது. தொடக்ககாலக் கண்ணாடிக்குழாய்ச் சோதனைகளில் பெரிதும் புழங்கியவை ஆய்வக வளர்ப்புக்குப் பழகிய எச்.ஐ.வி. வகைகள். அவை சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பியைப் பயன்படுத்துபவை. உறைப்புரதத்தில் நேர்மின்னூட்டம் மிகுந்தவை. சல்பேட் சங்கிலி அவற்றைக் கவ்விப் பிடிக்கும். உடலுறவால் பரவுவதோ பெரும்பாலும் சி.சி.ஆர்.5 ஏற்பியை நாடும் வகை. அதன் மின்னூட்டம் குறைவு, பிடியும் தளர்வு. போதாததற்கு, இவ்வகை எதிர்மின் பல்லுறுப்பிகளின் வீரியத்தை விந்துநீர் குறைத்துவிடுகிறது என்று 2007-இல் தெரிய வந்தது. குழாய்க்குள் விந்துநீர் ஏது? பயன்படும் இடத்தின் வேதிச்சூழலைச் சோதனையில் சேர்க்காததே அடிப்படைப் பிழை.

இந்த வரலாறு நமக்கு அயலூர்க் கதையும் அல்ல. கராஜீனனின் ஒன்றுவிட்ட உறவான செல்லுலோஸ் சல்பேட் பசை (இது பாசியிலிருந்து வந்ததல்ல) சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் ஆப்பிரிக்க நகரங்களிலும் சோதிக்கப்பட்டது. இடைக்கால ஆய்வில் பசை பெற்றவர்களிடையே தொற்று கூடுதலாகத் தெரிந்ததால் 2007 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். மூலக்கூறின் மின்னூட்டம் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சோதனைகளும் சேர்ந்து சான்று.

இதைச் சொல்லிவிட்டுக் கராஜீனனை மூலையில் போட்டுவிடுவதும் தவறு. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி., எச்.ஐ.வி. போன்றதல்ல, அது நுழைவதற்கு ஹெப்பரான் சல்பேட்டையே வெகுவாகச் சார்ந்திருக்கிறது. 2006-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பக் குழுவினர், கராஜீனன் மிகச் சிறு அளவிலேயே எச்.பி.வி.யைத் தடுப்பதைக் காட்டினார்கள். மாண்ட்ரியாலில் பின்னர் நடந்த சோதனையில் கராஜீனன் பசையைப் பயன்படுத்திய பெண்களுக்குப் புதிய எச்.பி.வி. தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் நடந்த இணைச் சோதனையில் பலன் தென்படவில்லை. வைரஸ் அதே, பொருள் அதே; பரப்பு மாறியதும் முடிவு மாறிவிட்டது. தடுப்பூசி இருக்கும்போது இந்தப் பசை எதற்கு என்று கேட்கலாம். தடுப்பூசி வயதைத் தாண்டிவிட்ட தலைமுறைக்கு அந்தக் கேள்வியின் விடை வேறு.

மூக்கில் சான்று இன்னும் மெலிது. அர்ஜென்டினாவில் கோவிட் காலத்தில் 394 மருத்துவமனைப் பணியாளர்களுக்கு அயோட்டா கராஜீனன் தெளிப்பானோ வெறும் தெளிப்பானோ 21 நாள் கொடுத்தார்கள். மருந்து பெற்ற 196 பேரில் 2 பேருக்கும், மற்ற 198 பேரில் 10 பேருக்கும் நோய் வந்தது. 80 விழுக்காடு பாதுகாப்பு என்று செய்தியாக்க இது தோதான கணக்கு. மொத்த நோயாளிகளே 12 பேர் என்பதை மறக்காத வாசகர், நம்பிக்கை வைக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றே எழுதுவார்.

பரப்பு என்ற வாதத்துக்கு வலுவான சான்று, பரபரப்பே இல்லாத ஆல்ஜினேட். பழுப்புப் பாசியின் செல்சுவரிலிருந்து 1880-களில் பிரிட்டன் வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்டு பிரித்தெடுத்தது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் இது இரைப்பை அமிலம் பட்டதும் கூழாகும். கூடவே இருக்கும் பைகார்பனேட் விடும் வாயு அந்தக் கூழை மிதக்க வைக்கும். அமிலம் மேலே ஏறாமல் கூழ் மறித்துக்கொள்ளும். கசியும் புண்ணில் வைக்கும் கால்சியம் ஆல்ஜினேட் இழை, கால்சியத்தை விட்டுச் சோடியத்தை வாங்கிக்கொண்டு கூழாகி ஈரத்தைத் தாங்கும். இரத்தத்தில் எதுவும் கலக்கத் தேவையில்லை. எல்லாம் இயற்பியல் வேலை, அதனால்தான் நம்பகமான வேலை.

குடற்புழுவுக்கு ஜப்பானியர் நெடுங்காலம் கொடுத்துவந்த டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற சிவப்புப் பாசியும் இந்த வரிசையில் வரும். அதிலிருந்து 1953-இல் பிரித்த கைனிக் அமிலம், குடலுக்குள் கிடக்கும் உருளைப்புழுவின் நரம்பைத் தாக்கி அதை வெளியேற்றியது. அதே அமிலத்தை எலியின் மூளைக்குள் செலுத்தினால் வலிப்பு வரும். இன்று கால்-கை வலிப்பு ஆய்வகங்கள் அதை வாங்குவது அதற்காகவே. அதன் நெருங்கிய உறவான டொமோயிக் அமிலமும் ஜப்பானியப் பாசி ஒன்றில், புழு மருந்தைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் சிப்பி உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றதற்கும், சிலர் நினைவாற்றலை நிரந்தரமாக இழந்ததற்கும் காரணம் அந்த அமிலம். அங்கே அதைச் சுரந்தது நுண்பாசியான டயாட்டம். புழுவுக்கு எதிராகப் பயன்பட்ட குணம் மாறவில்லை, சென்று சேர்ந்த இடம்தான் மாறியது.

உள்ளே போக வேண்டியவற்றின் கதை வேறு. அரிசோனாவில் ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் கடல்முயல் என்ற, வெளியோடு இல்லாத நத்தையிலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்ற கடுமையான செல்கொல்லியைப் பிரித்து 1987-இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ ஒரு டன் கடல்முயலுக்கு 30 மில்லிகிராம்கூடத் தேறவில்லை. அதைச் சுரப்பது நத்தையல்ல, அது மேய்ந்த நீலப்பச்சைப் பாசி என்பது 2001-இல் உறுதியானது. கறாராகச் சொன்னால் நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியாவே. நோயாளிகளுக்குத் தனியாகக் கொடுத்தபோது டோலாஸ்டாட்டின் தோற்றது. அதன் செயற்கை வடிவம் ஒன்றை, புற்று அணுவை அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தில் கட்டி அனுப்பிய பிறகே 2011-இல் பிரென்டுக்சிமாப் வெடோட்டின் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்கு மருந்தாக அமெரிக்க அனுமதி பெற்றது. கடலிலிருந்து வந்தது வடிவம் மட்டுமே, மற்றதெல்லாம் மனிதக் கைவேலை. சீனா 2019-இல் நிபந்தனையோடு அனுமதித்த அல்சைமர் மருந்து ஜி.வி.-971 பழுப்புப் பாசியின் துண்டுச் சர்க்கரை; 818 பேர் பங்கேற்ற சோதனையை ஆதாரமாகக் கொண்டது. வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் தரவுகளைச் சந்தேகித்தார்கள். பன்னாட்டுச் சோதனை 2022-இல் பாதியில் நின்றது. பழுப்புப் பாசியின் பெரிய மூலக்கூறான ஃபியூகாய்டானைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் உண்டு. புற்றுக்கு மருந்தாக அனுமதி பெற்ற ஃபியூகாய்டான் எங்கும் இல்லை.

நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் கண்ணில் நீர்க்கண்ணாடி, விரலில் துணிச்சுற்று, காலில் தகரத்தட்டு கட்டி மூழ்கி எடுப்பவை மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முதல் இரண்டும் அகாருக்குப் போகும், பின்னிரண்டும் ஆல்ஜினேட்டுக்கு. பாக் நீரிணையில் மிதவைகளில் வளரும் கப்பாஃபைகஸ், ஒரு காலத்தில் அதைப் பயிரிட வைத்த நிறுவனத்தின் பெயரால் இன்னும் 'பெப்சிப் பாசி'. கடற்பாசிப் பூங்கா, மருந்துத் தொழில் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பாசியையே காட்டுகிறார்கள். அது தருவது கப்பா கராஜீனன். அர்ஜென்டினாவில் மூக்கில் தெளித்தது அயோட்டா. அதைத் தருவது வேறு பாசி. ஒரு சல்பேட் வேறுபாடுதானே என்று தள்ளிவிட முடியாது. மேலே கண்ட கராஜீனன் வரலாறு முழுவதும் சல்பேட்டைச் சுற்றியே நடக்கிறது.

நம் ஆய்வேடுகளின் பழகிய வடிவமோ வேறு: பாசியை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹீலா என்ற புற்றுச் செல்லிலோ பாக்டீரியத் தட்டிலோ விட்டு, இறந்தவற்றை எண்ணுவது. மெத்தனால் பல்சர்க்கரையைக் கரைக்காது என்பதால், மருந்தாகத் தேற வாய்ப்புள்ள பொருள் சக்கையோடு குப்பைக்குப் போகிறது! கரைந்து வருபவற்றில் பெரும்பாலானவை இரத்தம் வழியே போய்ச் சேர வேண்டிய சிறு மூலக்கூறுகள். அவை அங்கே போகுமா என்று யாரும் பார்ப்பதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'கடல்மின்' மாத்திரைகள் போன்ற ஊட்டச்சேர்மங்கள் இதைவிடக் கவனமான வேலை. ஆனால் ஊட்டச்சேர்மம் என்ற வகையில் விற்கும் பொருள் மூன்று கட்டச் சோதனைகளைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால், அவற்றை மருந்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பாசியை அப்படியே பொடித்துத் தின்னச் சொல்லும் விளம்பரங்களைப் பற்றி ஒரே வார்த்தை: கட்டக்கோரையின் பேரினத்தைச் சேர்ந்த ஹிஜிக்கியில் கனிம ஆர்செனிக் மிகுந்திருப்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-இல் எச்சரித்தது.

ஆகவே, கட்டக்கோரையிலும் பக்கோடாப் பாசியிலும் உள்ள ஆல்ஜினேட்டிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை என்பது என் துணிபு. ஆல்ஜினேட்டில் உள்ள மானுரோனிக், குலுரோனிக் அமிலங்களின் விகிதம் பருவத்துக்குப் பருவம் மாறும்; விகிதம் மாறினால் கூழின் இறுக்கமும் மாறும். தீவு, மாதம், விகிதம், மூலக்கூறு எடை, நச்சுக்கலப்பு ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவு செய்யும் பட்டியல்தான் முதல் தேவை. அடுத்தது நீரிழிவுக் காற்புண் நோயாளிகளிடம் சோதனை. இங்கே ஆர்வம் மிஞ்சிவிடக் கூடாது: நீரிழிவுக் காற்புண்ணில் ஆல்ஜினேட் கட்டு மற்றக் கட்டுகளைவிட மேல் என்பதற்குச் சான்றில்லை என்று காக்ரேன் திறனாய்வு சொல்லியிருக்கிறது. ஆகவே நம் சோதனை 'இது சிறந்தது' என்று நிறுவப் புறப்பட வேண்டியதில்லை. இறக்குமதிக் கட்டுக்கு இது குறைந்ததல்ல, விலையில் மலிவு என்று காட்டினால் போதும். பன்னிரண்டு வாரத்தில் புண் மூடியதா இல்லையா என்பதை அரசு மருத்துவமனை செவிலியர் ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம். எலியின் பாதம் தேவைப்படாது.