முத்து, முயல், கொஞ்சம் சுண்ணாம்பு!

நேற்று ராத்திரி வரை கேரட்டைக் கண்டால் குதித்து ஓடிவந்த முயல், இன்று காலை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கிடக்கிறது. லேசான சாய்வு இல்லை. ஒரு கண் கூரையைப் பார்க்கிறது, இன்னொரு கண் தரையைப் பார்க்கிறது. விழிகள் இரண்டும் இப்படியும் அப்படியுமாகத் துடிக்கின்றன. ஓர் அடி எடுத்து வைத்தால் உருண்டு விழுகிறது. பதறிப்போய்த் தூக்கினால், உங்கள் கையிலேயே சுழல்கிறது!

குழந்தைகள் அழ, அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். 'கழுத்து முறிஞ்சிடுச்சு' என்பார் ஒருவர். 'பக்கவாதம்' என்பார் இன்னொருவர். 'கோழிக்கு வர்ற சீக்கு' என்பார் மாடி வீட்டுப் பாட்டி. (பாட்டியைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்கும் கழுத்து இப்படித்தான் திருகிக்கொள்ளும். 1927-ல் ராணிக்கேத் என்ற மலையூரில் கண்டறியப்பட்டதால் அந்த நோய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. ஆனால், அது பறவைகளின் வியாதி. முயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கடைசியில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொல்வார்கள்: 'தேறாது... எங்கேயாவது விட்டுடுங்க!'

கொஞ்சம் பொறுங்கள். அந்த முயலுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, முதலில் புன்னைக்காயல் வரை போய்வர வேண்டும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்கள் 'புனிக்கால்' என்று எழுதி வைத்த ஊர். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரையின் முக்கியமான துறைகளில் ஒன்று. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பத்து பாகம் ஆழம் வரைக்கும்கூட இறங்கினார்கள் இந்தக் கரையின் பரதவர்கள். பத்து பாகம் என்றால் சுமார் 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகக் கடலுக்குள் இறக்கினால் வரும் ஆழம்!

அந்த ஆழத்தில், கரையில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அழுத்தம். அது முதலில் தாக்குவது காதைத்தான். செவிப்பறை கிழிந்தால் குளிர்ந்த கடல்நீர் உள்ளே புகும். அடுத்த கணம், கடலே சுழல ஆரம்பிக்கும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. எந்தப் பக்கம் போனால் காற்று, எந்தப் பக்கம் போனால் மரணம் என்று திசை தெரியாமல் தவிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

உங்கள் முயல் அந்த நிலையில்தான் இருக்கிறது. கடல் இல்லாமலே!

காது கேட்பதற்கு மட்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உள்காதில் இன்னொரு இயந்திரமும் இருக்கிறது. திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள், பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அந்தப் பைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். தலை சாயும்போது துகள்கள் நகர்ந்து, 'இதோ சாய்கிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மேஸ்திரியின் ரசமட்டம் செய்கிற வேலை! வேடிக்கை என்னவென்றால், அந்தத் துகளும் கால்சியம் கார்பனேட்தான். முத்தும் பெரும்பாலும் அதேதான். கடலடியில் முத்து தேடிய மனிதன், தன் காதுக்குள்ளும் அதே சரக்கை வைத்திருந்தான்.

இரண்டு காதும் ஒரே செய்தி சொல்லும்வரை பிரச்னை இல்லை. ஒரு பக்கம் கெட்டுப்போனால், மூளை குழம்பிவிடும். உடம்பு சுழல்வதாக நம்பி, தலையைச் சாய்த்து, விழியை ஓட்டி, உருண்டு... எப்படியாவது சமாளிக்கப் பார்க்கும். அது வலிப்பு இல்லை. கழுத்து முறிவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு ரொம்ப நாளாயிற்று. 1820-களில் ஃப்ளூரான்ஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி புறாக்களின் அரைவட்டக் குழாய்களை வெட்டிப் பார்த்தார். புறாக்கள் நிலைகொள்ளாமல் சுழன்றன. அப்போதும் டாக்டர்கள் மசியவில்லை. தலை சுற்றுகிறது என்று யாராவது வந்தால், 'மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது' என்று சொல்லி, அட்டையை விட்டு ரத்தத்தை உறிஞ்ச வைத்தார்கள். 1861-ல் பாரீஸில் மெனியர் என்ற டாக்டர், 'குற்றவாளி மூளை இல்லை ஐயா, காது!' என்று வாதாடினார். அடுத்த வருடமே இறந்தும் போனார்.

அடுத்து வந்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. காது கழுவிவிடும்போது தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தாலோ, ரொம்பச் சூடாக இருந்தாலோ நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த தண்ணீருக்கு விழிகள் ஒரு பக்கம் ஓடின, வெந்நீருக்கு எதிர்ப்பக்கம்! செவிப்பறை கிழிந்த முத்துக்குளிப்பவர் கடலடியில் அனுபவித்ததை, பாரனி நாற்காலியில் உட்கார வைத்து விளக்கிவிட்டார். 1914-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். அறிவிப்பு வந்தபோது ஆள் எங்கே இருந்தார் தெரியுமா? ரஷ்யாவின் போர்க்கைதி முகாமில்! ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்ட பிறகு, 1916-ல்தான் விடுதலை ஆனார்.

முயல் எங்கே வருகிறது என்கிறீர்களா? நெதர்லாந்தில் ருடால்ஃப் மாக்னுஸ், உடம்பு எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதை ஆராய்ந்து 1924-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்துக்காகச் சோதனைக்கு ஆளான பிராணிகளில் முக்கியமானது முயல். நமக்குத் தலை சுற்றினால் இன்று டாக்டர் சரியாகக் காதைப் பார்க்கிறார் என்றால், அதற்காகத் தலை சாய்ந்து கிடந்த முயல்கள் ஏராளம். இது ஒரு பழைய பாக்கி!

அவற்றுக்கு வரும் வியாதியும் சோதனைச்சாலையில்தான் பிடிபட்டது. 1922-ல் அமெரிக்காவில் ரைட், கிரெய்க்ஹெட் என்ற இருவர், குட்டி முயல்களை முடக்கிய ஒரு கிருமியைக் கண்டார்கள். மறு வருடம் பாரீஸில் லெவாடிட்டியும் சகாக்களும் அதற்கு 'என்செஃபாலிட்டோசூன் குனிகுலி' என்று பெயர் வைத்தார்கள். (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, முயலின் வாயில் நுழைந்துவிடுகிறது!) நோயுற்ற முயலின் சிறுநீர் பட்ட தீவனம் மூலமாகவும், தாயிடமிருந்து குட்டிக்கும் பரவும். பல முயல்களின் உடம்பில் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். என்றைக்கோ ஒருநாள் மூளையைத் தாக்கும், தலை சாயும். இன்னொரு முக்கியமான காரணம், பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் காதுக்குள் புகுந்து சீழ் பிடிக்க வைப்பது.

இதெல்லாம் நம் பாட்டிகளுக்கு ஏன் தெரியவில்லை? காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. நம் காட்டில் ஓடும் முயல் வேறு, கூண்டு முயல் வேறு. நம் ஊர்க் காட்டுமுயலின் குட்டி, ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டு முயலின் குட்டி, ரோமமில்லாமல் கண் மூடிப் பிறக்கும். இந்த இரண்டாவது ஆசாமியின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். 1420 வாக்கில் போர்ட்டோ சாண்டோ தீவில் பெரெஸ்ட்ரெலோ என்ற போர்த்துக்கீசியர் முயலைக் கொண்டுபோய் விட, அது பல்கிப் பெருகி, பயிரையெல்லாம் தின்று, குடியேற வந்தவர்களையே கொஞ்ச காலம் விரட்டிவிட்டது! (இந்த பெரெஸ்ட்ரெலோவின் மகளைத்தான் பிற்பாடு கொலம்பஸ் கல்யாணம் செய்துகொண்டார்.)

மாட்டுக்கு நம்மிடம் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் உண்டு. வெளியூரிலிருந்து வந்த முயலுக்கு இல்லை. 1903-ல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் முதல் கவலை மாடும் குதிரையும்தான். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அரசுப் பண்ணைகளில் முயல் வளர்த்தார்கள், கறிக்கும் ரோமத்துக்கும். செல்லமாக வளரும் முயலுக்கு வைத்தியம் என்பது ரொம்பப் புதிய சங்கதி. இன்று நிலைமை மாறியிருக்கிறது. புன்னைக்காயலுக்குப் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில் 2012-லிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, அன்றைக்கே டாக்டர். கிருமிதான் காரணம் என்று அவர் கருதினால், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற 'ஃபென்பெண்டசோல்' என்ற குடற்புழு மருந்தைக் கொடுப்பார். வழக்கமாக 28 நாள், தினமும். அளவு எடையைப் பொறுத்தது, நீங்களாக ஊற்றாதீர்கள். காதில் சீழ் என்றால் ஆன்டிபயாட்டிக். ஆனால், வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, முயலும் செத்துவிடும். நாய்க்கு உண்ணி போக்கும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு விஷம்.

மற்றதெல்லாம் உங்கள் கையில். அகலமான பெட்டியில் பழைய துண்டுகளைச் சுருட்டி நாலு பக்கமும் அணை கொடுங்கள். உருண்டாலும் அடிபடாது. சட்டென்று தூக்காதீர்கள், தூக்கினால் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். தரையைப் பார்க்கும் கண்ணில் தூசி சேரும். டாக்டரிடம் கேட்டுச் சொட்டு மருந்து விடுங்கள். அறுகம்புல்லையும் கொத்தமல்லியையும் வாயருகே கொண்டுபோங்கள். முயல் சாப்பிடாமல் ஒரு நாள் இருந்தாலே குடல் நின்றுவிடும். சாய்ந்த தலை அதைக் கொல்வதைவிடப் பட்டினி கொல்வது ஜாஸ்தி! தூத்துக்குடி வெயில் மாதிரியான வெயிலில், நிழலும் காற்றும் முக்கியம். கூண்டைச் சுத்தம் செய்தபின் கையைக் கழுவுங்கள். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அந்தக் கிருமி தொற்றலாம்.

உருள்வது நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள். ஏனென்றால், மூளை மகா கெட்டிக்காரன். ஒரு காது பொய் சொல்கிறது என்று தெரிந்ததும், மற்ற தகவல்களை வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ள ஆரம்பிக்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். எல்லா முயலும் பிழைக்காது, உண்மைதான். பிழைத்தவற்றில் சில, ஆயுசு முழுக்கத் தலையைச் சாய்த்தபடியே ஓடியாடிச் சாப்பிட்டு நிம்மதியாக வாழ்கின்றன. அதற்கு உலகம் நேராகிவிட்டது. நமக்குத்தான் முயல் கோணலாகத் தெரிகிறது!

புன்னைக்காயலுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1550-களில் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியார் (தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்க'த்தை 1578-ல் தந்தவர்) இங்கே ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார். முத்துக்குளித்துறை மக்களின் காணிக்கையில் ஓடியது அது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம், நுண்கிருமி என்ற விஷயமே தெரியாத காலம். ஒரு படுக்கை, வேளைக்குச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள்... இதைவிடப் பெரிதாக அங்கே என்ன கொடுத்திருக்க முடியும்? அதை வைத்துக்கொண்டே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

உங்களிடம் 28 நாள் மருந்தும் இருக்கிறது. 'எங்கேயாவது விட்டுடுங்க' என்பவர்களிடம், இன்னும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.